நகைச்சுவை இணையரும் பார்வையாளர் கருத்தும்: ‘சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்’ திரைப்படத்தை முன்வைத்து

1. முன்னுரை

உடலசைவால் சிரிப்பூட்டும் திரைப்படங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. விழுதல், மோதுதல், பாத்திரங்களை வீசுதல் ஆகியன எம்மொழியினருக்கும் விளங்கும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆயினும் இவ்வகைப் படங்களைப் பற்றிப் பார்வையாளர் கூறும் கருத்துகளை நோக்கும்போது, அவை பெரிதும் அவரவர் மொழியில் படம் வந்து சேர்ந்த முறையைச் சார்ந்துள்ளமை புலனாகிறது. ஸ்டான் லாரல் (1890–1965), ஆலிவர் ஹார்டி (1892–1957) இணையர் நடித்த ‘சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்’ (1933) என்னும் அமெரிக்கப் படத்தைச் சான்றாகக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

2. படமும் கருத்துகளும்

வில்லியம் சைட்டர் இயக்க, ஹால் ரோச் தயாரித்த இப்படத்தின் கதை எளியது. நண்பர் இருவர் தம் சங்கத்தின் மாநாட்டிற்குச் சிகாகோ செல்ல உறுதிமொழி எடுக்கின்றனர். ஹார்டியின் மனைவி இசையவில்லை. எனவே அவர் நோயுற்றவராக நடிக்கிறார். கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு ஹொனலூலுவிற்குக் கடற்பயணம் போகுமாறு சொல்லவைத்து, இருவரும் சிகாகோ சென்றுவிடுகின்றனர். ஹொனலூலுவிலிருந்து திரும்பும் கப்பல் மூழ்குகிறது. கணவரை எண்ணிக் கலங்கிய மனைவியர் திரையரங்கு செல்ல, அங்கே செய்திப்படத்தில் மாநாட்டு ஊர்வலத்தில் தம் கணவர் ஆடிப்பாடி வருவதைக் காண்கின்றனர். இறுதியில் உண்மையை ஒப்புக்கொண்ட லாரல் மனைவியின் உபசரிப்பைப் பெறுகிறார். பொய்யைத் தொடர்ந்த ஹார்டி தட்டுகளாலும் பாத்திரங்களாலும் தாக்கப்படுகிறார்.

இவ்விணையரின் முழுநீளப் படங்களுள் இதுவே சிறந்தது என்பர் ஒரு சாரார். ‘வே அவுட் வெஸ்ட்’ (1937) படத்தை முதலாவதாக வைப்பர் மற்றொரு சாரார். மனைவியரைச் சீறுபவராகவே காட்டியுள்ளமை இன்றைய பார்வையாளர் சிலருக்கு உறுத்துகிறது. 1965இல் நியூயார்க்கில் தோன்றிய ரசிகர் அமைப்பு இப்படத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. அதன் கிளைகள் ‘கூடாரம்’ என வழங்கப்படுகின்றன. 2012இல் இப்படம் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

பார்வையாளர் நினைவே பாடவேறுபாட்டை உண்டாக்கும் என்பதும் இங்குக் கருதத்தக்கது. தம்மைச் சிக்கலில் மாட்டிவிட்டதாக லாரலைக் குறைகூறும் ஹார்டியின் புகழ்பெற்ற தொடரில் அவர் பயன்படுத்தும் அடை ‘நைஸ்’ என்பதாகும். மக்கள் வழக்கிலோ அது ‘ஃபைன்’ எனத் திரிந்து வழங்குகிறது. ‘அனதர் ஃபைன் மெஸ்’ என்னும் 1930ஆம் ஆண்டுக் குறும்படத்தின் தலைப்பு இத்திரிபிற்குத் துணைசெய்தது எனலாம்.

3. சொற்பிறழ்ச்சியும் மொழிபெயர்ப்பும்

இப்படத்தின் சிரிப்பில் ஒரு பகுதி லாரலின் சொற்பிறழ்ச்சியால் விளைவது. நெருங்கிய இருவரை ஒரே தோட்டிலுள்ள இரு பட்டாணிகளுக்கு ஒப்பிடுவது ஆங்கில மரபு. தோடு எனப் பொருள்படும் ‘பாட்’ என்னும் சொல்லின் இறுதி மெய் அதிர்வொலி. லாரல் அதனை அதிர்வில்லா ஒலியாக்கிப் பானை என்னும் பொருள் தரச் சொல்கிறார். ஹார்டி இறுதி மெய்யை அழுத்தி, ஓர் உயிரொலியைச் சேர்த்துத் திருத்துகிறார். லாரல் அவ்வுயிரையும் சொல்லின் உறுப்பாகவே கொண்டு திருப்பிச் சொல்கிறார். திருத்தமே புதிய பிழையாகிறது.

தமிழ் எழுத்துமுறை இவ்விரு ஒலிகளையும் வேறுபடுத்துவதில்லை. எனவே ஒலிபெயர்ப்பால் பயனில்லை. ‘நகமும் சதையும்போல’ என்னும் மரபுத்தொடரைக் கொண்டு, லாரல் ‘நகையும் சதையும்’ எனக் கூற, ஹார்டி ‘நகை இல்லை, நகமு!’ என அழுத்த, லாரல் ‘நகமு’ என்றே ஒப்பித்தால் மூலத்தின் மூன்று படிகளும் காக்கப்படும்.

சங்கத் தலைவரின் பட்டமான ‘எக்சால்டட்’ என்பதனை லாரல் ‘எக்சாஸ்டட்’ ஆக்கும்போது உயர்ந்தவர் களைத்தவராகிறார். ‘மாண்புமிகு’ என்பதனை ‘மாண்ட’ எனத் திரிப்பது சிரிப்பூட்டினும் மூலத்தினும் கடுமையானது. ‘மேன்மைமிகு’ என்பது ‘மென்மைமிகு’ ஆவது உயிரின் மாத்திரை வேறுபாடு ஒன்றால் நிகழ்வதால் பொருத்தமுடையது.

தம்மை ஏமாற்ற நினைப்போர் மிக அதிகாலையில் எழவேண்டும் என்று ஹார்டி பெருமை பேச, எத்தனை மணிக்கு என்று லாரல் வினவுகிறார். மரபுத்தொடரை நேர்ப்பொருளில் கொள்வதே இங்குச் சிரிப்பு. ‘என்னை ஏமாற்ற இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும்’ என்ற தொடருக்கு ‘எந்த மாதம்?’ என்னும் வினா அதே பணியைச் செய்யும்.

4. பெயரும் முன்முடிவும்

இவ்விணையருக்கு ஒவ்வொரு மொழியும் தனிப்பெயர் சூட்டியுள்ளது. ஸ்பானிய மொழியில் அவர்கள் ‘தடியனும் ஒல்லியனும்’. சுவீடிய மொழியில் ‘முழுமையும் பாதியும்’. போலிய மொழியில் ‘ஃபிளிப், ஃபிளாப்’ என்னும் ஒலிக்குறிப்பு இணை. ஜெர்மானியரோ ‘தடியனும் மந்தனும்’ எனப் பொருள்படும் ‘டிக் உண்ட் டோஃப்’ என வழங்கினர்.

உடலளவைச் சுட்டும் பெயர்கள் கண்ணுக்குத் தெரிவதையே கூறுகின்றன. ஜெர்மன் பெயரோ மதிப்பீட்டை முன்கூட்டியே வழங்கிவிடுகிறது. இப்படத்தில் தம்மை அறிவாளி எனக் கருதும் ஹார்டியே அடி வாங்குகிறார். மந்தன் எனப்படுபவரே வாய்மையால் நலம் பெறுகிறார். இவருள் யார் அறிவிலி என்பது பார்வையாளர் தீர்மானிக்க வேண்டிய வினா. பெயர் அவ்வினாவை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

5. அயலொலியே அடையாளமாதல்

பேசும்பட வரவின்போது பின்னணிக் குரல்முறை வளர்ந்திருக்கவில்லை. எனவே 1930, 1931ஆம் ஆண்டுகளில் இவர்தம் படங்கள் சில ஸ்பானியம், பிரெஞ்சு முதலிய மொழிகளில் தனித்தனியே மீண்டும் எடுக்கப்பட்டன. மொழியறியா நடிகர் இருவரும் பலகையில் ஒலிப்புமுறைப்படி எழுதப்பட்டவற்றைப் பார்த்துப் பேசினர். ‘பார்டன் அஸ்’ (1931) படம் இத்தாலிய மொழியிலும் இவ்வாறு உருவாயிற்று. அவர்தம் பிறழ்ந்த அசையழுத்தம் இத்தாலியப் பார்வையாளரைப் பெரிதும் கவர்ந்தது. பின்னர் இத்தாலியர்களே குரல் கொடுத்தபோதும் அந்த ஆங்கிலச் சாயல் விடப்படவில்லை. ஹார்டிக்கு அல்பெர்டோ சோர்டியும் லாரலுக்கு மௌரோ சம்பூட்டோவும் அவ்வாறே பேசினர். மூலத்தில் இல்லாத இவ்வயலொலி, இத்தாலியப் பார்வையாளருக்கு அவ்விணையரின் இயல்பான குரலாயிற்று.

6. முடிவுரை

ஒரு படத்தைப் பற்றிய கருத்தென நாம் கொள்வது, பல வேளைகளில் அதன் மொழிபெயர்ப்பைப் பற்றிய கருத்தாகவும் அமைகிறது. இத்தாலியர் ரசித்த ஒலிப்பு ஆங்கிலேயர் கேளாதது. ஜெர்மானியர் அறிந்த மந்தன் மூலத்தில் அப்பெயரால் அறியப்படாதவர். எனவே நகைச்சுவையை மொழிபெயர்ப்போர் காக்க வேண்டியது தனிச்சொல்லை அன்று. யார் யாரைத் திருத்துகிறார், அத்திருத்தம் எவ்வாறு தோற்கிறது என்னும் உறவையே காத்தல் வேண்டும். அவ்வுறவு நிலைபெறின் சொல் மாறினும் சிரிப்பு மாறாது. தீர்ப்பு கூறும் உரிமையும் பார்வையாளரிடமே நிற்கும்.