கான்வென்ட் போனது... கதவு நிற்கிறது!

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் பலர் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள ‘சைம்ஸ்’ வளாகத்தில் போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. வெள்ளைக் கோபுரம், புல்வெளி, ரெஸ்டாரன்ட்டுகள், கல்யாண மண்டபம்... ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தின் திருமணக் காட்சிகூட இங்கேதான் படமானது. ஆனால், இது 129 ஆண்டுகள் பெண் குழந்தைகள் படித்த கத்தோலிக்கப் பள்ளி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1854-ல் மதர் மத்தில்ட் தலைமையில் நான்கு கன்னியாஸ்திரீகள் பினாங்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார்கள். ஜார்ஜ் கோல்மன் 1840-களின் தொடக்கத்தில் கட்டிய ‘கால்ட்வெல் ஹவுஸ்’ அவர்களுக்காகக் காத்திருந்தது. வந்த சில நாட்களிலேயே வகுப்பு தொடங்கிவிட்டது. கூடவே அநாதை இல்லமும்.

வளாகத்தின் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. பெயர், ‘நம்பிக்கை வாசல்’. வறுமையாலும், புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீனர்களின் நம்பிக்கையாலும் கைவிடப்பட்ட எத்தனையோ பச்சிளம் குழந்தைகள் இங்கேதான் விடப்பட்டார்கள். அவர்களை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார்கள் கன்னியாஸ்திரீகள்.

பாதிரியார் சார்லஸ் நெய்ன் வடிவமைத்த தேவாலயம் 1904-ல் எழுந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் அதற்கு அழகு. தேவாலயத்திலும் நடைகூடங்களிலும் உள்ள 648 தூண் உச்சிகளில் வெப்பமண்டலப் பூக்களும் பறவைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை!

1983-ல் பள்ளி தோ பாயோவுக்கு இடம் மாறியது. நகரின் நடுவே இருக்கும் விலைமதிப்புள்ள நிலம். ஆனாலும் இடிக்கவில்லை. தேவாலயமும் கால்ட்வெல் ஹவுஸும் 1990-ல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பழுதுபார்ப்புக்குப் பிறகு, 1996-ல் ‘சைம்ஸ்’ திறக்கப்பட்டது. 2002-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

‘ஜெபம் நடந்த இடத்தில் மது பாரா?’ என்ற வருத்தம் எழாமல் இல்லை. அது நியாயமான வருத்தம்தான். ஆனால், ஆள் நடமாட்டம் இல்லாத பழைய கட்டிடம் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். இன்றைய வாடகைதான் நேற்றைய தூண்களைத் தாங்குகிறது.

அடுத்த முறை சைம்ஸ் போனால், கோபுரத்தை மட்டும் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சுவரில் இருக்கும் அந்தச் சின்னக் கதவையும் தேடிப் பாருங்கள். எத்தனையோ பெண் குழந்தைகளின் வாழ்க்கை அங்கேதான் மறுபடியும் தொடங்கியது.