நுரையீரல் ஆபரேஷனுக்குப் பின் பிராணவாயு குறைவது ஏன்?



நம் அத்திபெலே பகுதியில் ஒருவருக்கு நுரையீரலில் ஆபரேஷன் என்றால், பெங்களூருக்கோ வேலூருக்கோ அழைத்துச் செல்கிறோம். வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் இறுதியிலேயே டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அக்காலத்தில் உதடும் நகமும் நீலம் பாரித்தால்தான் பிராணவாயு குறைந்தது தெரியும். இன்று விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் அதை முன்னதாகவே காட்டுகிறது. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1974இல் வெளியிட்ட தத்துவம் இது. ஆரோக்கியமானவருக்குப் பொதுவாக 95க்கு மேல் காட்டும்.

ஆபரேஷனுக்குப் பின் வலியால் நோயாளி ஆழ்ந்து மூச்சு விடுவதில்லை, இருமவும் பயப்படுகிறார். சளி தங்கி, நுண்ணிய காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. அங்கே வரும் ரத்தம், சரக்கு ஏற்றாத காலி வேகன்போல், பிராணவாயு இல்லாமலே திரும்புகிறது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

1. புகை பிடிப்பவர்கள், நாள்பட்ட இளைப்பு உள்ளவர்கள்.
2. உடல் பருமன் உள்ளவர்கள், குறட்டையுடன் தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்கள்.
3. முதியவர்கள், முன்பே மூச்சுத்திறன் குறைந்தவர்கள்.
4. நுரையீரலின் பெரும்பகுதி நீக்கப்பட்டவர்கள்.

தூக்க மருந்தும் சில வலி மருந்துகளும் அளவு மிஞ்சினால் மூச்சை மந்தமாக்கும்.

புகைப்பழக்கத்தை ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விடுவது நல்லது. தேதி நெருங்கிவிட்டாலும் அன்றே விடுங்கள்.

அடுத்தது உறவினர் பொறுப்பு. "அசையாதே, இருமாதே, தையல் பிரிந்துவிடும்" என்று அன்பினால் சொல்கிறோம். அதுவே தீங்காகிறது. டாக்டர் அனுமதித்ததும் நோயாளியைச் சாய்ந்து உட்கார வையுங்கள். மெல்ல நடக்க வையுங்கள். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். மூன்று பந்துக் கருவி கொடுத்தால், அதில் ஊதக்கூடாது. மூச்சை மெதுவாக உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்த வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல் நர்ஸிடம் தெரிவியுங்கள்.

வீடு திரும்பும்போது, ஆக்ஸிமீட்டர் எந்த எண்ணுக்குக் கீழே போனால் உடனே வரவேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு அந்த எண் வேறாக இருக்கலாம். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் தவறான அளவைக் காட்டக்கூடும். எண் எதுவானாலும், மூச்சுத் திணறலோ மனக்குழப்பமோ உதட்டில் நீலமோ கண்டால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.