கேமரா சொன்ன சாட்சி – 9: தடை யாரைக் காத்தது?

1968இல் இத்தாலியப் புகைப்படக் கலைஞர்கள் கார்லா செராட்டியும் ஜானி பெரெங்கோ கார்தினும் கொரிட்ஸியா உள்ளிட்ட சில ஊர்களின் மனநலக் காப்பகங்களுக்குள் படமெடுத்தார்கள். அந்தப் படங்களை மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியாவும் அவர் மனைவி பிராங்கா ஒங்காரோவும் தொகுத்து, மறு ஆண்டே ‘மொரீரே தி கிளாசே’ என்ற நூலாகக் கொண்டுவந்தார்கள். மழித்த தலைகள், ஒரே மாதிரியான உடுப்பு, கம்பிகளைப் பற்றிய கைகள், சுவரோரம் தலையைக் கையில் புதைத்து உட்கார்ந்திருப்பவர்கள். முகங்கள் தெரிகின்றன, பெயர்கள் இல்லை. மறுத்துச் சொல்லும் நிலையில் இல்லாதவர்களை இப்படி உலகத்தின் முன் நிறுத்தலாமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. நிறுத்தலாம் என்பதே என் முடிவு. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது நோயாளியாக இருக்கக்கூடாது, அவரை அடைத்துவைத்த நிறுவனமாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைக்குக் காரணம் கேமராவின் பழைய வரலாறு. காப்பகத்துக்குள் அது முதலில் மருத்துவரின் கருவியாகத்தான் போனது. 1850களில் இங்கிலாந்தின் சர்ரே காப்பகத்தில் ஹியூ டயமண்ட் பெண் நோயாளிகளின் முகங்களைப் படமெடுத்து, அவற்றில் நோயின் அடையாளத்தைத் தேடினார். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோவின் காலத்தில் இந்தத் தேடல் பெரிய படத்தொகுதிகளாகவே வளர்ந்தது. அந்தப் பெண்கள் என்ன நிலையில் அடைபட்டிருந்தார்கள் என்று அந்தப் படங்கள் கேட்கவில்லை. இத்தாலியப் படங்கள் அதைத்தான் கேட்டன. தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், பொது இடத்தில் அவக்கேடு விளைவிப்பவர் என்று கருதப்பட்டவரை அடைத்துவைக்க இத்தாலியின் 1904ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பெரும்பாலும் ஏழைகளே அதில் சிக்கினார்கள். மழித்த தலையும் கட்டிய கையும் நோயின் அறிகுறிகள் அல்ல, நிர்வாகத்தின் செயல்கள். நோய் எது, அடைத்துவைத்ததால் வந்த சிதைவு எது என்பது கதவைத் திறக்காமல் தெரியாது என்று பசாலியா வாதிட்டார். அந்த வாதத்துக்குப் படங்கள் சான்றாயின.

நோயாளியின் அந்தரங்கம் என்னாவது என்பதே வலுவான மறுப்பு. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சொல்லை யார், எப்போது உச்சரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் சிறை மருத்துவமனையைப் பற்றி பிரெடரிக் வைஸ்மன் எடுத்த ‘டிட்டிகட் ஃபாலிஸ்’ என்ற ஆவணப்படம் 1967இல் வெளிவந்தது. வெற்றறைகளில் நிர்வாணமாக நிறுத்தப்பட்டவர்கள், அவர்களைச் சீண்டும் காவலர்கள், உண்ண மறுத்தவரின் மூக்கு வழியே குழாய் செலுத்தும் மருத்துவர் என எல்லாம் அதில் பதிவாகின. மாசசூசெட்ஸ் அரசு உள்ளிருப்போரின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி நீதிமன்றம் போனது. பொதுமக்கள் அதைப் பார்க்க 1991வரை தடை நீடித்தது. அந்த மனிதர்களை உடுப்பின்றி வைத்திருந்தபோது நினைவுக்கு வராத மானம், ஊரார் பார்க்கப்போகிறார்கள் என்றதும் நினைவுக்கு வந்தது. அந்தரங்க உரிமை நோயாளிக்கு உரியது. நிர்வாகம் அதைக் கடன் வாங்கித் தன்னை மறைத்துக்கொள்ள விடக்கூடாது.

இன்னொரு மறுப்பு: இத்தகைய படங்கள் இரக்கத்தைக் கிளறும், பிறகு மறந்துபோகும். இதில் பாதி உண்மை. போருக்குப் போக மனசாட்சி இடம்தராமல், மாற்றுப் பணியாக பிலடெல்பியாவின் பைபரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் சார்லஸ் லார்ட். அவர் அங்கே எடுத்த படங்களை ‘லைஃப்’ இதழ் 1946 மே மாதம் வெளியிட்டது. நாடு அதிர்ந்தது. ஆனாலும் பைபரி மூடப்பட்டது 1990இல்தான். இத்தாலியிலோ நூல் வந்த ஒன்பதே ஆண்டுகளில், 1978 மே மாதம், காப்பகங்களைப் படிப்படியாக மூடச் சொல்லும் 180ஆம் எண் சட்டம் நிறைவேறியது. படங்கள் மட்டுமே அதைச் சாதிக்கவில்லை. கொரிட்ஸியாவிலும் ட்ரியெஸ்தேவிலும் கதவுகளைத் திறந்து காட்டிய மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் அவற்றின் பின்னால் இருந்தார்கள். இரக்கத்தைக் கேட்கும் படம் தனியாக நிற்கும். மாற்றத்தைக் கேட்கும் இயக்கத்தோடு சேர்ந்த படம் சான்றாவணமாகும்.

ஆனாலும் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். கொரிட்ஸியாவில் நோயாளிகள் தினமும் கூடிப் பேசி, தங்கள் வாழ்வைப் பற்றித் தாங்களே விவாதித்தார்கள். நூலில் மனத்தில் நிற்பவர்களோ பேசாமல் துயரத்தில் உறைந்தவர்கள். அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமல்ல என்பதைப் படங்கள் போதுமான அளவு சொல்லவில்லை. தடை இதற்குத் தீர்வாகாது. ஒப்புதலை நோயாளியிடமே கேட்க வேண்டும், அதிகாரியின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. சம்மதம் சொல்ல முடியாதவரின் முகத்தை விட்டுவிட்டு பூட்டையும் கயிற்றையும் கட்டிலையும் எடுக்கலாம். படத்தின் கீழே நோயாளியின் பெயர் வேண்டாம். மருத்துவமனையின் பெயரும் அதற்குப் பொறுப்பானவர்களின் பதவியும் தேதியும் கட்டாயம் வேண்டும். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்தான்.

(தொடரும்)