ஒரகடத்து வாகனப் பரீட்சையும் நமது டிராக்டர் வண்டிகளும்

வாலாஜாபாத்தினின்றும் வண்டலூருக்குச் செல்லும் சாலையில் ஒரகடம் என்னும் ஊர் இருப்பது காஞ்சீபுரம் ஜில்லாவாசிகள் யாவரும் அறிந்ததே. அவ்விடத்துச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஏறக்குறைய 300 ஏக்கர் பரப்பில் மோட்டார் வாகனங்களைப் பரீட்சிக்கும் நிலையமொன்று இருப்பதைப் பலர் அறியார். குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்பது அதன் பெயர். மத்திய சர்க்கார் 2005-ஆம் ஆண்டில் அங்கீகரித்த தேசிய வாகனப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் அமைந்தது அது.

விவசாயப் பத்திரிகையில் இதனை எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். கொள்முதல் நிலையத்திற்கு நெல் கொண்டு செல்லும் டிராக்டரும், தொழிற்சாலைக்குச் செல்லும் கனரக லாரியும், பட்டுத்தறி நெய்துவிட்டு வீடு திரும்புபவரின் மோட்டார் சைக்கிளும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. லாரியும் மோட்டார் சைக்கிளும் பரீட்சையில் தேறி வெளிவந்தவை. நமது டிராக்டரும் தேறியதே. அதன் பின்னால் நாம் பூட்டும் டிரெய்லர் எத்தகையது என்பதுதான் கேள்வி.

வாகனப் பரீட்சை இருவகைப்படும். விபத்து நேர்ந்தபின் உள்ளிருப்போர் உயிர் பிழைப்பரா என்று பார்ப்பது ஒருவகை. காரைச் சுவரில் மோதிப் பார்ப்பது அதனைச் சேர்ந்தது. பத்திரிகைகளில் படம் வருவது அதற்கே. விபத்து நேராமலே தடுக்க வாகனத்திற்குச் சக்தி உண்டா என்று பார்ப்பது மற்றொன்று. பிரேக்கு, ஸ்டீயரிங், டயர், விளக்கு, கண்ணாடி, பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகிய யாவும் இவ்வகையில் அடங்கும். வந்தபின் வைத்தியம் பார்ப்பதினும் வருமுன் காப்பது மேலென்பது பயிர்ப் பாதுகாப்பில் நாம் நாள்தோறும் சொல்வதாகையால், இவ்விரண்டாவது வகையையே இங்கு விவரிக்கிறேன்.

பிரேக்குப் பரீட்சை எவ்வாறு நடக்கிறது? ஜெனீவாவில் வகுக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் விதியின்படி, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், எஞ்சினின் உதவியின்றிப் பிரேக்கினால் மட்டும் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பெடலை எவ்வளவு பலமாக மிதிக்கலாம் என்பதற்கும் எல்லையுண்டு. ஏறக்குறைய 50 கிலோ எடையின் அழுத்தத்திற்கு மேற்படலாகாது. பயில்வான் மிதித்தால் நிற்கும், பெண்ணொருத்தி மிதித்தால் நில்லாது என்றிருக்கக் கூடாதன்றோ! சுமையின்றி ஒருமுறையும், முழுச் சுமையுடன் ஒருமுறையும் இதனைச் செய்கின்றனர். பின்னர்ப் பலமுறை அடுத்தடுத்துப் பிடித்துப் பிரேக்கைச் சூடேற்றி, சூட்டில் அதன் பிடி எவ்வளவு தளர்கிறதென்று அளக்கின்றனர்.

இன்னொரு பரீட்சை பார்க்கத் தக்கது. பாதையின் ஒருபுறம் நீர் பாய்ச்சி வழுக்கலாகவும் மறுபுறம் உலர்ந்தும் இருக்கும். இடச் சக்கரங்கள் ஒன்றிலும் வலச் சக்கரங்கள் மற்றொன்றிலுமாக வாகனத்தை ஓட்டித் திடீரென்று பிரேக்குப் பிடிப்பர். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் கருவி சரிவர வேலை செய்யின் வாகனம் திரும்பிவிடாமல் நேரே செல்லும். 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுடைய இருசக்கர வாகனங்களில் இக்கருவி, புது மாதிரிகளுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏனையவற்றிற்கு 2019 ஏப்ரல் முதலும் கட்டாயமாக்கப்பட்டது. கார்களில் மற்றொரு கருவி, வளைவில் வண்டி சறுக்கத் தொடங்கின் தக்க சக்கரத்தை மட்டும் தானே பிடித்து நேர்ப்படுத்தும். இதனைப் பரீட்சிக்க 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை ஒருபுறமும் மறுபுறமும் திருப்புவது மனிதரன்று, யந்திரம். மனிதர் கை ஒருமுறை திருப்பியதுபோல் மறுமுறை திருப்பாது.

நம் தேசத்தில் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி, எந்த மோட்டார் வாகனத்தின் மாதிரியும் விற்பனைக்கு வருமுன் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் தேற வேண்டும். அமெரிக்காவிலோ தயாரிப்பவரே தமக்குச் சான்று கூறிக்கொள்கிறார். சர்க்கார் பின்னர்ச் சந்தையில் வாகனத்தை விலைக்கு வாங்கிப் பரீட்சித்து, குறை காணின் திரும்ப அழைத்துச் சீர்செய்யும்படி கட்டளையிடுகின்றனர். ஜரிகையை நெசவுக்கு முன்னமே உரைத்துப் பார்க்கும் ஊராருக்கு நம் முறையே பொருத்தமாகத் தோன்றும். ஆயினும் இரண்டு முறைகளும் புதிய வாகனத்தையே காண்கின்றன. பத்து வருஷம் சேற்றில் உழைத்த வண்டியை அவை காண்பதில்லை.

டிராக்டர் முதலான விவசாய யந்திரங்களைப் பரீட்சிப்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்திலும், ஆந்திரத்தில் அனந்தப்பூர் ஜில்லா கார்லதின்னேயிலும் மத்திய சர்க்காரின் நிலையங்கள் உள்ளன. மானியத்தில் யந்திரம் வாங்குவோர் பரீட்சை அறிக்கை உண்டா என்று நமது இலாகா கேட்பதை அறிவர். குதிரைச் சக்தியையும் டீசல் செலவையும் மட்டும் பார்த்துவிட்டு அவ்வறிக்கையை மூடிவிடுகின்றனர். பிரேக்கைப் பற்றிய பக்கத்தையும் படித்தல் நன்று.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். டிராக்டர் மட்டும் 25 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, விநாடிதோறும் 2.5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகப் பிரேக்குப் பிடித்தால் ஏறக்குறைய 10 மீட்டரில் நிற்கும். ஓட்டுபவர் கண்டு கால் வைப்பதற்குச் செல்லும் ஒரு விநாடியில் 7 மீட்டர் முன்னமே ஓடிவிடும். இப்பொழுது டிரெய்லரைப் பூட்டி, 40 கிலோ நெல் மூட்டைகள் நூறு ஏற்றுக. நெல் மட்டும் 4 டன். டிரெய்லர் ஒன்றரை டன் என்போம். டிராக்டரோ சுமார் 2 டன். டிரெய்லருக்குத் தனியே பிரேக்கு இல்லையெனில், 2 டன்னை நிறுத்திய அதே பிரேக்கு விசை ஏழரை டன்னை நிறுத்த வேண்டும். நிற்கும் தூரம் 10 மீட்டரினின்றும் ஏறக்குறைய 37 மீட்டராகிறது. இறக்கத்திலோ வளைவிலோ பிடித்தால், பின்னிருக்கும் பாரம் டிராக்டரைத் தள்ளிக் குறுக்கே திருப்பிவிடவும் கூடும். பட்டறையில் செய்வித்த டிரெய்லர் மலிவு என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

வைகாசிப் பிரம்மோற்சவத்தில் தேவராஜ சுவாமியின் தேரை இழுப்போர் ஆயிரவர். நிறுத்துவோர் முட்டுக்கட்டைக்காரர் சிலரே. கட்டை போடத் தெரிந்தவர் இன்றி வடத்தைத் தொடுவதில்லை. தேரோட்டத்திற்கு முன் பொதுப்பணி இலாகாவினர் தேரின் உறுதியைப் பார்த்துச் சான்று தருவதும் வழக்கம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்துள்ளனர். வருஷத்தில் ஒருநாள் ஓடும் தேருக்கு இத்தனை எச்சரிக்கை! அறுவடைக் காலத்தில் அன்றாடம் ஓடும் டிரெய்லருக்கு ஒன்றுமில்லை.

அநேக டிராக்டர்களில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக்கு உண்டு. இடத்திற்கொன்று, வலத்திற்கொன்றாக இரு பெடல்கள். வயலில் மடக்கித் திருப்பும்போது ஒன்றை மட்டும் மிதிப்பதற்காகவே இவ்வேற்பாடு. சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட்டாக வேண்டும். போடாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒருபுறம் இழுத்துக் கவிழும். நான் கிராமங்களுக்குச் செல்லுமிடத்தெல்லாம் இப்பூட்டைப் பார்ப்பதுண்டு. சிலவற்றில் துருவேறி அசையாது கிடக்கிறது; சிலவற்றில் பூட்டே இல்லை!

இரவைப் பற்றியும் கூற வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் 17 மீட்டர் செல்கிறது, நன்றாகப் பிரேக்குப் பிடித்து நிற்க மேலும் 28 மீட்டர் வேண்டும், ஆகமொத்தம் 45. விளக்கைத் தாழ்த்திவைத்த நிலையில் சேறு படிந்த டிரெய்லர் 40 மீட்டரில்தான் கண்ணுக்குத் தெரிகிறதெனக் கொண்டால், ஏ.பி.எஸ். இருந்தும் அவர் தப்ப வழியில்லை. பின்புறம் இரு சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இருந்திருப்பின் வெகுதூரத்திலேயே கண்டிருப்பார். வைக்கோல் ஏற்றும்போது அவற்றை மூடிவிடுவதும், சேற்றுழவு முடிந்ததும் கழுவாமல் விடுவதும் வழக்கமாயிருக்கிறது. கொள்முதல் நிலைய வாயிலில் ஈரப்பதம் பார்க்கும் நேரத்திலேயே இதனையும் பார்த்துவிடலாம் என்பது கிராம அதிகாரிகளுக்கு என் யோசனை.

நவரை அறுவடைக்கு முன் ஒவ்வொருவரும் தம் டிராக்டரைத் தாமே பரீட்சிக்கலாம். ஆள் நடமாட்டமில்லாத, சமமான, உலர்ந்த தரையில் சுண்ணாம்பினால் கோடொன்று இடுக. டிரெய்லரைக் கழற்றி, பெடல்களை இணைத்துப் பூட்டி, 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக்குப் பிடிக்க. 10 மீட்டர், அதாவது 33 அடிக்குள் நின்றால் நலம். நிற்கும் தூரம் மிகுந்தாலோ, இரு சக்கரத் தடங்களும் ஒத்திராமல் வண்டி ஒருபுறம் இழுத்தாலோ, பிடி விழுமுன் பெடல் வெறுமனே இறங்கும் அளவு இருபுறமும் ஒன்றாயிருக்கிறதா என்று முதலில் பார்க்க; வேறுபடின் கையேட்டில் கண்ட அளவுக்குத் திருத்துக. அளவு சரியாயிருந்தும் இழுத்தால், உட்பிடிப்பான் தேய்ந்ததோ, சேற்றுழவில் உள்ளே நீரும் சேறும் புகுந்ததோ என்று மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிப் பார்ப்பதே வழி. சீர்செய்தபின் அதே கோட்டில் மறுபடியும் ஓட்டி அளந்த பிறகே டிரெய்லரைப் பூட்ட வேண்டும்.