நெடுந்தீவின் அடியில் என்ன?

பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில், மாணவர் சிலருடன் குறிகாட்டுவானிற் படகேறி நெடுந்தீவை அடைந்தோம். முருகைக்கல் வேலியோரத்துக் கிணற்றடியில் நின்று, சரிவூசி எனப்படும் காந்த ஊசியை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். நீர் அள்ள வந்த மூதாட்டி ஒருவர் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, உதிலை நல்ல தண்ணி எங்கை கிடக்கெண்டு தெரியுமே?" என்று வினவினார்.

விடை கூறுமுன் ஊசியின் இயல்பை அறிதல் நன்று. இலண்டனில் இவ்வூசி ஏறக்குறைய 66 பாகை நிலத்தை நோக்கிச் சாயும். நம் தீவுகளிலோ கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். காந்த நடுக்கோடு நமக்கு அண்மையிற் செல்வதே காரணம். இங்கே புவிக் காந்தத்தின் வலிமை ஏறக்குறைய 40,000 நானோதெசுலா. நிலத்தடிப் பாறைகளால் அதில் உண்டாகும் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் சில பத்துகளோ சில நூறுகளோதான். அச்சிறு வேறுபாட்டை அளந்து புவியோட்டின் அமைப்பை வரைவதே காந்த அளவீடு.

இரண்டாம் உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய காந்தமானிகளே பின்னர் இப்பணிக்கு வந்தன. புரோத்தன் காந்தமானியின் உள்ளுறுப்பை அறிந்தால் நேயர்கள் வியப்பர். அது கம்பிச்சுருள் சுற்றிய ஒரு குப்பி மண்ணெண்ணெய், அல்லது வெறும் நீர்! மின்னோட்டத்தைச் செலுத்தி நிறுத்தியதும், அதிலுள்ள புரோத்தன்கள் பம்பரம்போலத் தலைசுற்றும். நம் பகுதியில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 1,700 முறை. அவ்வெண்ணைக்கொண்டு காந்த வலிமையைக் கணிக்கலாம்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு யாவும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தவை. ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கும் இக்கல்லிற் காந்தத் தன்மை இல்லையென்றே கூறலாம். ஆதலின் காந்தமானிக்கு அது கண்ணாடி போன்றது. கருவி காண்பது அதற்கும் கீழே, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்திய உருமாறிய பாறைகளையும் அவற்றிலுள்ள மகனதைற்று என்னும் இரும்புக் கனியத்தையுமே. வரைபடத்தில் மாற்றம் கூர்மையாகத் தோன்றினால் பாறை ஆழமற்றது. அகன்று மெல்லென மாறினால் பெரும்பாலும் ஆழமானது. காந்த நடுக்கோட்டின் அண்மையில் ஒரு விசித்திரமும் உண்டு. காந்தப் பாறைக்கு நேர் மேலே வலிமை கூடாது; குறையும். 580 பாகை செல்சியசைத் தாண்டிய ஆழத்தில் மகனதைற்றும் காந்தத்தை இழப்பதால், கருவியின் பார்வை அங்கே முடிகிறது.

இவ்வறிவின் பயன் சிறிதன்று. கொண்டுவானாப் பெருநிலம் பிளந்த காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே புவியோடு தாழ்ந்து பள்ளமாயிற்று. அதிற் படிவுகள் நிரம்பின. மன்னார்த் தீவின் பேசாலையில் 1970களிற் சோவியத் உதவியுடன் எண்ணெய் தேடித் தோண்டிய கிணறு 2 கிலோமீற்றருக்கும் கீழே சென்றது. வணிகப் பயனுள்ள எண்ணெய் கிட்டவில்லை. பெருஞ்செலவில் துளையிடுமுன் அடிப்பாறை எங்கே தாழ்கிறது என அறிய, மலிவான முதல் வழி காந்த அளவீடே.

ஆயினும் மூதாட்டியின் வினாவுக்கு இக்கருவி விடை தராது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் காந்தத்தில் வேறுபாடு காண்பதரிது. அவற்றைப் பிரித்தறிய நிலத்தின் மின்தடையை அளக்கவேண்டும். தீவுகளின் நன்னீர், கனத்த உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் அடியில் உவர் 40 அடி உயரும். இயந்திரத்தால் மிகையாக இறைக்கும் கிணறு உவர்ப்பது இதனாலேயே.

"இல்லை ஆச்சி, உது தண்ணியைக் காட்டாது" என்று கூறி, மேற்சொன்னதைச் சுருக்கமாக விளக்கினோம்.

அவர் வாளியைக் கிணற்றுள் இறக்கியவாறே, "அப்ப இருக்கிறதை அளவாத்தான் அள்ளவேணும்" என்றார்.

மாணவர்கள் அதனையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.