டவுன் கூட்டறிகுறியுடைய குழந்தைகளுக்குத் தமிழ் வாசிப்புக் கற்பித்தல்: முழுச்சொல் முறையும் தமிழ்ச் சொல்லமைப்பும்

ஆய்வுச்சுருக்கம்
டவுன் கூட்டறிகுறி (டவுன் சிண்ட்ரோம்) உடைய குழந்தைகள் பலர் கேட்டதைவிடக் கண்டதை எளிதில் நினைவிற்கொள்கின்றனர். இதன் அடிப்படையில் ஆங்கிலச் சூழலில் வளர்ந்த முழுச்சொல் வாசிப்பு முறையைத் தமிழுக்கு ஏற்பச் சீரமைக்கும் வழிகளை இக்கட்டுரை மதுரை வட்டாரச் சான்றுகளுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டவுன் கூட்டறிகுறி, முழுச்சொல் வாசிப்பு, வேற்றுமை உருபு, இருவழக்கு, மதுரை.

முன்னுரை
1866-இல் ஜான் லாங்டன் டவுன் இந்நிலையை விவரித்தார். 21-ஆம் குரோமோசோம் மூன்றாக அமைவதே இதன் காரணம் என்பதை 1959-இல் மார்த்தே கோத்தியே, ஜெரோம் லெழேன் முதலியோர் வெளியிட்டனர். இக்குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாக வருகிறது. பேச்சு வந்த பின்னரே எழுத்து என்னும் எண்ணம் வாசிப்பையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறது.

கண்வழிக் கற்றல்
செவிவழிக் குறுங்கால நினைவு இவர்களிடம் குன்றியிருக்கும். நடுச்செவியில் நீர் கோப்பதால் கேட்கும் திறனும் பலருக்குக் குறையும். சொன்ன சொல் மறைந்துவிடும்; அட்டையில் எழுதிய சொல் கண்முன் நிற்கும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் 1980 முதல் இத்துறையில் ஆய்வு செய்த சூ பக்லி, வாசிப்பே பேச்சை வளர்க்கும் வழியாக அமையக்கூடும் என வலியுறுத்தினார். ஒரே சொல்லுடைய அட்டைகளை இணைத்தல், கேட்ட சொல்லைத் தெரிந்தெடுத்தல், கண்ட சொல்லைக் கூறுதல் என்பன இம்முறையின் படிநிலைகள். பார்வைக் குறைபாடும் மிகுதி என்பதால் கண், செவிச் சோதனைகள் முதற்கடமையாகும். 1976-இல் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேயே உள்ளது.

தமிழில் எழும் சிக்கல்கள்
முதலாவது சொல்லமைப்பு. ஆங்கிலப் பெயர்ச்சொல் முன்னிடைச்சொல் ஏற்றாலும் தன் வடிவம் மாறாது. தமிழில் ‘வீடு’ அறிந்த குழந்தைக்கு ‘வீட்டில்’ புதுச்சொல்லாகத் தோன்றும். எனவே சொற்களை மூன்று படியாக வகுக்கலாம். உருபேற்றாலும் வடிவம் மாறாதவை முதற்படி (தம்பி – தம்பிக்கு). புள்ளி மட்டும் மறைபவை இரண்டாம் படி (பால் – பாலை). அடிச்சொல்லே திரிபவை மூன்றாம் படி (மரம் – மரத்தில்). உருபை வேறு நிறத்தில் எழுதுவது துணைபுரியும்.

இரண்டாவது எழுத்துவடிவம். 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் னா, லை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. ஆயினும் கு, சு, மு ஆகியவற்றில் உகரக்குறி வேறுபடுகிறது. ‘கெ’ என்பதில் பின்னொலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. 247 எழுத்துகளையும் முதலிலேயே மனனம் செய்விப்பதைவிட, அறிந்த சொற்களான தம்பி, தலை, தண்ணீர் ஆகியவற்றிலிருந்து ‘த’ என்பதைப் பிரித்துக் காட்டலாம். புதிய சொற்களைத் தாமே படிக்க எழுத்தறிவு வேண்டும், அதனை விட்டுவிடலாகாது.

மூன்றாவது இருவழக்கு. ‘மதுரை’ உருபேற்றாலும் மாறாத சொல். ஆனால் பேச்சில் ‘மதுர’ என ஒலிக்கும். ஆகவே இரு வழக்கிலும் ஒத்தொலிக்கும் அம்மா, அப்பா, தம்பி, பூ போன்றவற்றிலிருந்து தொடங்குதல் நன்று. ‘வீட்டில்’ என்பதைக் கண்டு ‘வீட்டுல’ என்னும் குழந்தை பொருளுணர்ந்து படித்திருக்கிறது. அதைப் பிழையெனக் கொள்ளலாகாது.

வாழ்வியல் பயன்
மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பகுதிகளிலிருந்து நகருக்கு வருவோர்க்கு மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் என்னும் பேருந்துப் பெயர்ப்பலகைகளைப் படிப்பது தற்சார்பின் தொடக்கமாகும். நீண்ட சொற்களாயினும் அடிக்கடி கண்ணில் படுவதால் இவை முழுச்சொற்களாக மனத்திற் பதியும்.

முடிவுரை
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறனுடைய 6 முதல் 18 வயதினர்க்கு அருகமைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையை வழங்குகிறது. அவ்வுரிமை வாசிப்பாகப் பயன்தரப் பேச்சுக்காகக் காத்திராத கற்பித்தலும், உருபு, வழக்கு வேறுபாடுகளை அறிந்து தொகுத்த தமிழ்ச் சொற்பட்டியலும் தேவை. இப்பட்டியலை உருவாக்குவதில் மொழியியலாரும் சிறப்பாசிரியரும் பெற்றோரும் இணைந்து ஈடுபடுதல் வேண்டும்.