ஒற்றைப் பருக்கைக்கு ஒரு நரம்பு

கற்பிட்டிப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்கிறார்: ஒன்பது மாதப் பிள்ளைக்குத் தீத்தினால் வாயை இறுக்கிக்கொள்கிறது, தட்டை முன்னால் வைத்தால் சோறு முழுக்கப் பாயில். விடுவதா, பறிப்பதா? தானே எடுத்துச் சாப்பிடும் பிள்ளைக்கு ஊளைச்சதை போடாது, மூளையும் கூர்மையாகும் என்று போனில் சுற்றும் வீடியோ உண்மையா?

வீடியோவை முதலில் முடித்துவிடலாம். நியூசிலாந்தில் 206 தாய்மாரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. தானே சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் கரண்டியால் ஊட்டப்பட்ட பிள்ளைகளுக்கும் இரண்டு வயதில் உடற்பருமனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூளைக்கூர்மை என்பது வீடியோக்காரரின் சொந்தச் சரக்கு.

பாயில் கிடக்கும் சோறுதான் சுவையான விடயம். ஆறேழு மாதப் பிள்ளை சோற்றை உள்ளங்கையால் வாரும். ஒன்பது, பத்து மாதமளவில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் நீண்டு ஒரு பருக்கையைக் கிள்ளி எடுக்கும். இடையில் நடப்பது என்ன?

உடப்பில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். அம்பாப் பாட்டு எழும்பினால் கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் ஒன்றாய் இழுப்பார்கள். தனி ஆளுக்குத் தனிக் கட்டளை கிடையாது. சின்னப் பிள்ளையின் கையும் அப்படியே. முண்ணாணில் உள்ள இடைநரம்புகள் பாட்டைத் தொடங்க, ஐந்து விரலும் சேர்ந்து மூடும். சிரட்டையைப் பிடிக்க அது போதும். பருக்கையை எடுக்கவோ, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இரண்டு பேரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்; மற்ற மூவரும் கயிற்றை விட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அதற்கு அந்த இருவரின் போன் நம்பர் சம்மாட்டியிடம் இருக்க வேண்டுமே! மூளையின் மேற்பட்டையிலிருந்து இறங்கும் இழைகளில் சில, இடைத்தரகர் யாருமில்லாமல், விரல் தசையை இயக்கும் நரம்புக்கலத்தையே நேராகத் தொடுகின்றன. நம்பர் அதுதான். கரைவலைக்கு இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். பிறந்த புதிதில் சம்மாட்டி ஒரு கூட்டத்தைக் கூப்பிட்டால் மற்றதும் ஓடிவரும். மூளையின் ஒரு பக்கத்து இழைகள் இரண்டு கைகளுக்கும் போவதால் வரும் வினை. பிழையான பக்கத்து இணைப்புகள் பின்னர் மெல்லப் பின்வாங்கும். மீன் பங்கு யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள், உவமை கிழிந்துவிடும்.

இது வெறும் ஊகமில்லை. 1968இல் லாரன்ஸ், கைப்பர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குகளில் இந்த இறங்குபாதையை வெட்டிப் பார்த்தார்கள். குரங்குகள் திரும்பவும் ஓடின, ஏறின, கம்பியைப் பற்றின. விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் திறமை மட்டும் மீளவில்லை. இணைப்பு நிலைக்கப் பாவனை வேண்டும் என்பதைப் பூனைக்குட்டிகள் காட்டின: ஜோன் மார்ட்டினின் ஆய்வுகளில், பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை இயக்க மேற்பட்டை ஓயவைக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகும் இரையைக் குறிதவறாமல் எட்டிப் பிடிக்கத் தடுமாறின. அதற்காக ஒரு நாள் தட்டைப் பறித்தால் பிள்ளையின் நரம்பு கருகிவிடாது. பிள்ளை பூனையுமில்லை.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு சொட்டு: 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், பால் மறந்த பிள்ளைகளை விரும்பியதைத் தெரிந்து சாப்பிடவிட்டார். 1939இல் அவர் சொன்ன கணக்கு 15 பிள்ளைகள், 34 உணவுகள். எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். “பிள்ளைக்குத் தெரியும்” என்று இன்றும் மேற்கோள் காட்டுவோர், அந்தத் தட்டத்தில் சீனியே இல்லாததைச் சொல்வதில்லை.

நடை பழகுவதும் இதே கதைதான். ஆய்வாளர் காரன் அடொல்ஃபின் குழுவினர் 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் தாமாக விளையாடுவதைப் படம்பிடித்து எண்ணினார்கள்: மணிக்குச் சராசரி 2,368 அடி, 17 விழுகை. முற்றத்து மணல் இதற்கு இலவசம். உள்ளே உட்காரவைத்து உருட்டும் வோக்கரைக் கனடா 2004இலேயே தடைசெய்தது. படியில் உருண்டு தலையில் அடிபட்ட பிள்ளைகள் அத்தனை பேர். வோக்கரால் நடை முந்துவதும் இல்லை.

ஆகவே தட்டைக் கொடுங்கள். குழைத்த சோறும் பருப்பும் ஒரு ஓரத்தில். விரல் நீளத்தில் வெட்டி அவித்த பூசணி, பழுத்த பப்பாசி, முள் பார்த்த மீன். சூடை, சாளை என்றால் உதிர்த்து விரலால் தடவிப் பார்த்தே வைக்க வேண்டும். கச்சானும் முழுத் திராட்சையும் வேண்டாம். அதே நியூசிலாந்து ஆய்வில் ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் 35 வீதமான பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது தொண்டை அடைத்திருக்கிறது. கரண்டியால் ஊட்டினாலும் தானே எடுத்தாலும் வேறுபாடில்லை. ஓங்காளிக்கும் பிள்ளை சத்தம் போட்டுத் தானே துப்பிவிடும். மூச்சடைத்த பிள்ளைக்குச் சத்தமே வராது. அடுப்படியில் நின்றபடி காதை மட்டும் நம்ப முடியாது, ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கற்பிட்டிக் கருவாட்டின் உப்பை ஒரு வயதுக்கு முன் அந்தச் சிறுநீரகங்களிடம் கொண்டுபோகாதீர்கள். மீனை உப்பில்லாமல் அவித்தால் போதும்.